தராசுப் பெட்டியில் இரண்டு சீட்டு

என் அம்மாவுக்கு ஒரு தேர்தலில் இரண்டு ஓட்டு இருந்தது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. கள்ள ஓட்டா என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். கள்ள ஓட்டு இல்லை. சர்க்காரே கூப்பிட்டுக் கையில் கொடுத்த இரண்டு சீட்டுகள். சுதந்திரம் வந்த புதிதில் சில தொகுதிகளில் அப்படித்தான். ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.எல்.ஏ. அதில் ஒரு இடம் தாழ்த்தப்பட்டவர்களுக்கு என்று ஒதுக்கியது. அதனால் ஓட்டுப் போடுகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. பிற்பாடு வந்ததுபோலச் சீட்டில் முத்திரை குத்துகிற வேலையும் கிடையாது. நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு இரும்புப் பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். படுதாவுக்குப் பின்னால் போய், வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

நானும் எத்தனையோ தேர்தல் பார்த்தாகிவிட்டது. வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்காரும்போது யார் ஜெயிப்பார்கள் என்ற யோசனை எனக்கு வருவதில்லை. அம்மாவின் இடுப்பு ஞாபகம் வருகிறது. குடம் உட்கார்ந்து உட்கார்ந்து அங்கே ஒரு காய்ப்பு விழுந்திருந்தது. வண்டி மாட்டின் கழுத்தில் இருக்குமே, அந்த மாதிரி.

திருவள்ளூரில் ரயில்வே லைனை ஒட்டினாற்போல் இருந்தது எங்கள் தெரு. தெருமுனையில் ரயில்வே கேட். கேட்டைத் தாண்டினால் சேரி. எங்கள் தெருவில் அந்த வார்த்தையை யாரும் சொல்லமாட்டார்கள். ‘அந்தாண்ட’ என்பார்கள். அந்தாண்ட ஆளுங்க, அந்தாண்ட மேளம், அந்தாண்ட மாடு. அங்கே ஒரு குட்டை இருந்தது, கிணறு கிடையாது. எங்கள் தெருவில் கிணறு இருந்தது, ஆனால் வாயில் வைத்தால் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் ஸ்டேஷனுக்குத்தான் போகவேண்டும்.

ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் விட யானைத் துதிக்கை போல ஒரு பெரிய குழாய் நின்றது. அதன் அடியில் சின்னதாக ஒரு திருகு குழாய். இரண்டு வண்டிகளுக்கு நடுவே, போர்ட்டருக்கு மனசு வந்தால், பெண்களைப் பிடித்துக்கொள்ள விடுவார். அந்தாண்டப் பெண்களும் அதே குழாய்க்குத்தான் வருவார்கள். ஆனால் எங்கள் தெருக்காரிகள் பிடித்து முடிக்கும்வரை கரி கொட்டிய மேட்டில் தள்ளி நிற்பார்கள். யாரும் நிற்கச் சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் வந்தால் அவர்கள் நகர்வார்கள், அவ்வளவுதான். எங்களுக்குப் பிறகு வண்டி வந்துவிட்டால் அவர்கள் அடுத்த வண்டி போகும்வரை நிற்கவேண்டும்.

அம்மா இடுப்பில் ஒரு பித்தளைக் குடமும் கையில் ஒரு வாளியும் எடுத்துக்கொண்டு காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை போவாள். நான் ஒரு செம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவேன். கூடவே பெரியம்மா வருவாள். பெரியம்மாவும் அம்மாவும் ஒரே வீட்டில் வாக்கப்பட்டவர்கள். பெரியப்பாவுக்கும் நைனாவுக்கும் ஆகாமல் போய், நடுவில் ஒரு சுவர் எழுப்பி, ஒரு வாசல் இரண்டு வாசலாகிவிட்டது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சுவர் ஆண்பிள்ளைகளுக்கு. பெண்கள் இரண்டு பேரும் தண்ணீருக்குச் சேர்ந்தேதான் போனார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடத்தை இறக்கி வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து மூச்சு விடுவார்கள். பேச்சு அதிகம் இருக்காது.

அந்த வருஷம் தேர்தல் வந்தபோது எங்கள் தெருவில் கொள்கை என்று பெரிதாக ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. நின்றவர்கள் நாலு பேர். ஒருவர் அரிசி மில் முதலாளி, தராசுச் சின்னம். இன்னொருவர் கோர்ட்டு வக்கீல், குடைச் சின்னம். தெருவில் பாதிப் பேர் மில்லில் வேலை செய்தார்கள், அவர்கள் தராசு. மீதிப் பேருக்கு வாய்க்கால் தகராறோ பாகப் பிரிவினையோ ஏதாவது ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது, அவர்கள் குடை. கூலி வாங்கினவன் ஒரு பக்கம், வாய்தா வாங்கினவன் ஒரு பக்கம். நைனா மில்லில் மூட்டை நிறுப்பவர். பெரியப்பாவின் வழக்கு வக்கீலிடம் இருந்தது. அந்த வழக்கே நைனாவின் மேல் போட்டதுதான்.

மற்ற இரண்டு பேரும் அந்தாண்டக்காரர்கள். ஒருவர் ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்து வேலையை விட்டுவிட்டு நின்றவர், விளக்குச் சின்னம். இன்னொருவர் ரயில்வே கேங்கில் தண்டவாளம் போடுகிறவர்களுக்குத் தலைவராக இருந்தவர், ஓடம். இவர்களைப் பற்றி எங்கள் தெருவில் பேச்சே கிடையாது. திட்டக்கூட இல்லை.

தராசும் குடையும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். இரண்டு பேருமே தெருவுக்குள் குழாய் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். மில் முதலாளி ஜட்கா வண்டியில் வந்து சொன்னார். வக்கீல் காரில் வந்து சொன்னார். நைனா தன் வாசலுக்கு எதிரே என்றார், பெரியப்பா தன் வாசலுக்கு எதிரே என்றார். வராத குழாய்க்காகச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இருவரும் சத்தம் போட்டதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. முனையில் கயிறும் மண்ணெண்ணெயும் விற்கிற பாய் கடையில் இரண்டு கட்சிக்காரர்களும் தட்டி கட்டியிருந்தார்கள். பாய் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டுக் கயிறு விற்றுக்கொண்டிருந்தார்.

அம்மாவும் பெரியம்மாவும் இதில் கலந்துகொள்ளவில்லை. ஆனால் ஒருநாள் சாயங்காலம் தண்ணீர் கொண்டு வரும்போது முனிசிபாலிட்டி விளக்குக் கம்பத்துக்கு அடியில் இருவரும் நின்றார்கள். அந்த இடம் இரண்டு வாசலுக்கும் நடுவாக இருந்தது. பெரியம்மா காலால் அங்கே கிடந்த கல்லைத் தள்ளினாள். அம்மா அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இங்க வந்தா போதும்க்கா,” என்றாள். மறுநாள் காலை வாசல் பெருக்கும்போது அந்த இடத்தையும் சேர்த்துப் பெருக்கிச் சாணி தெளித்தாள். தேர்தல் முடிகிறவரை தினமும் தெளித்தாள். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. குழாய் வந்துவிட்டால் செம்பு தூக்க வேண்டாம், விளையாடலாம் என்பதுதான் என் அரசியல்.

விளக்குச் சின்ன வாத்தியார் ஓட்டுக் கேட்க வந்த அன்று நாங்கள் ஸ்டேஷனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் தெருவுக்குள் வரவில்லை. கேட்டுக்கு அருகில், தெரு தொடங்குகிற இடத்தில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். கூட ஓடச் சின்னக்காரரும் இன்னும் இரண்டு பேரும். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாரா, காலிலேயே போட்டிருந்தாரா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. பெண்கள் குடத்தோடு வருவதைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு மெதுவாகப் பேசினார். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிற குரல்.

“அம்மா, உங்களுக்கு ரெண்டு சீட்டு குடுப்பாங்க. ஒண்ண உங்க ஊட்டு ஆம்பளைங்க சொல்ற பெட்டியில போடுங்க. நான் வாணாங்கல. இன்னொண்ணு எப்படியும் வீணாத்தான் போவப்போவுது. அத வௌக்குல போடுங்க.”

பெரியம்மா நடந்துவிட்டாள். அம்மா நின்றுவிட்டாள். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் எங்கேயும் நின்று நான் பார்த்ததில்லை. குடம் வழிந்து புடவை நனைந்தது. குழாயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மா திரும்பிப் பார்த்து “வர்றியா இல்லியாடி,” என்றதும் நடந்தோம்.

அன்று சாயங்காலம் நைனா மில்லிலிருந்து வந்து உடம்பில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்.

“அந்த ரெண்டாவது சீட்ட இன்னா பண்றது?”

“இன்னா பண்றது. அதையும் தராசுலயே போடு. டபுளா வுழட்டும்.”

நைனாவின் கணக்கு அது. எங்கள் பக்கத்து மில் ஆட்கள் எல்லோருக்கும் அவர் அதையேதான் சொல்லிவைத்திருந்தார். ஒரு ஆளுக்கு இரண்டு சீட்டு என்றால், நம் ஆளுக்கு இரண்டு மடங்கு பலம். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவும் குடைக்காரர்களுக்கு அதே கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளாமலே ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். ஒரே ரத்தம் என்பது பொய்யில்லை.

என் மாமா, அம்மாவின் தம்பி, கடம்பத்தூரில் வாத்தியாராக இருந்தார். தேர்தல் வேலைக்கு அவரையும் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் விஷயத்தைக் கேட்டுப் பதறிவிட்டார். இரண்டு சீட்டும் ஒரே பெட்டியில் விழுந்தால் ஒன்றைத் தள்ளிவிடுவார்கள், அது யாருக்கும் சேராது என்றார். அதோடு விடாமல், ஒதுக்கிய இடம் ஒன்றுதான், மற்ற இடத்துக்கு யார் அதிக ஓட்டு வாங்கினாலும் வந்துவிடலாம், அந்தாண்டக்காரர்கள் இரண்டு பேரும் முன்னால் வந்தால் இரண்டு இடமும் அவர்களுக்கே போகும் என்று விளக்கினார். அங்கே எல்லோரும் ஒரு சீட்டு விளக்குக்கு, ஒரு சீட்டு ஓடத்துக்கு என்று ஒழுங்காகப் பிரித்துப் போடப்போகிறார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலும் அப்படியே. நீங்கள் மட்டும் இங்கே பாதி தராசு, பாதி குடை என்று பிரிந்து, இரண்டாவது சீட்டையும் வீணடித்தால் என்ன ஆகும்?

“அதுக்கு இன்னா பண்ணணுங்கற?” என்றார் நைனா.

“நீங்க இன்னொரு சீட்ட குடைக்குப் போடுங்க மாமா. பெரியவரு இன்னொண்ண தராசுக்குப் போடட்டும். ரெண்டுல ஒருத்தராவது வருவாங்க. இல்லன்னா வௌக்குக்குப் போடுங்க. அதுவும் வாணாமா, சும்மா கீழ போடுங்க. ஒரே பெட்டியில மட்டும் போடாதீங்க.”

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அண்ணனுடைய குடைக்குத் தன் கையால் சீட்டுப் போடுவதை மனசுக்குள் நடத்திப் பார்த்திருப்பார் போல. பிறகு இலையைக் காட்டினார்.

“சோறு ஆறுது மச்சான். சாப்புடு.”

மாமா குனிந்து சாப்பிட்டார். அம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஓட்டுப் போடுகிற இடம் எங்கள் பள்ளிக்கூடம். அன்றைக்கு லீவு. இருந்தும் நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டேன். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்கள் வரிசையில் அந்தாண்டப் பெண்கள் விடியும்போதே வந்து நின்றிருந்தார்கள். எங்கள் தெருக்காரிகள் சமையல் முடித்து, தலைவாரி, பூ வைத்துக்கொண்டு போகும்போது வரிசை நீண்டு மரத்தடிவரை வந்துவிட்டது. கோயிலிலும் குழாயடியிலும் இல்லாத சங்கடம் அங்கே வந்துவிட்டது. எல்லோரும் ஒரே வரிசை. யாருக்குப் பின்னால் யார் நிற்பது?

எங்கள் தெருப் பெண்களில் வாயாடியான ஒருத்தி போலீஸ்காரரிடம் போய் ஏதோ பேசினாள். அவர் கையை விரித்தார். அவள் திரும்பி வந்து, வரிசைக்குப் பக்கத்திலேயே நடந்து, முன்னால் போய் நின்றுகொண்டு, “தள்ளுங்கடி. நாங்க போய் அடுப்பப் பாக்கணும்,” என்றாள். அவளுக்கு மட்டும் அடுப்பு இருந்ததுபோல. அந்தாண்டப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு நகர்ந்தார்கள். ஸ்டேஷனில் நகர்வது போலவே. எங்கள் தெருக்காரிகள் ஒவ்வொருவராக அந்த இடங்களில் போய் நின்றார்கள்.

அம்மாவுக்கு இடம் விட்டவள் கையில் பச்சைக் குழந்தையோடு இருந்தாள். கழுத்து நிற்காத குழந்தை. இடுப்பில் கறுப்புக் கயிறு. வெயிலுக்கு முந்தானையை அதன் தலைமேல் இழுத்துவிட்டிருந்தாள். அவளும் அம்மா வயதுதான் இருக்கும். அம்மா ஒரு நிமிஷம் தயங்கினாள். பெரியம்மா பின்னாலிருந்து முதுகில் கை வைத்தாள். அம்மா முன்னால் போய் நின்றாள். அந்தப் பெண் மரத்தடிக்குப் போய் வரிசையின் கடைசியில் நின்றதை நான் பார்த்தேன். குழந்தையைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்ததால்தான் பார்த்தேன், வேறு காரணம் இல்லை.

உள்ளே அம்மாவின் விரலில் மை வைத்தார்கள். இரண்டு சீட்டைக் கொடுத்தார்கள். நானும் படுதாவுக்குப் பின்னால் புகுந்துவிட்டேன், யாரும் தடுக்கவில்லை. நாங்கள் கணக்குப் போடுகிற பெஞ்சின்மேல் நாலு பெட்டிகள் இருந்தன. ஓடத்தின்மேல் யாரோ ஒரு சாமந்திப் பூவை வைத்திருந்தார்கள். குடையின்மேல் குங்குமம் இருந்தது. அம்மா விளக்குப் படத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விளக்கைப் பார்த்தால் அவள் கை தானாகவே அப்படிப் போகும். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். வெளியே யாரோ “ஆச்சாம்மா?” என்று கேட்டார்கள். பிறகு தராசுப் பெட்டிக்கு நகர்ந்து, ஒரு சீட்டைப் போட்டாள். அதே பெட்டியில் இன்னொரு சீட்டையும் போட்டாள்.

வெளியே வந்தபோது எதையோ தூக்கி இறக்கியவள்போல இருந்தாள். நைனா தெருமுனையில் நின்றிருந்தார். “ரெண்டும் தான?” என்றார். அம்மா தலையாட்டினாள்.

முடிவு தெரிந்த அன்று மாமா சொன்னது அப்படியே நடந்திருந்தது. விளக்கு முதலில் வந்தது. அடுத்தது ஓடம். தராசும் குடையும் பின்னால் தங்கிவிட்டன. அந்தாண்ட ராத்திரி முழுக்க மேளம் கேட்டது என்று மறுநாள் சொன்னார்கள், நான் தூங்கிவிட்டேன். எங்கள் தெரு எழவு வீடுபோல இருந்தது. பாய் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனபோது பாய் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். “அண்ணனும் தம்பியும் நல்லாத்தான் வேலை செஞ்சாங்க. ஆனா வாத்தியாருக்கு செஞ்சிட்டாங்க.”

தோல்வியில் ஒரு நல்லது நடந்தது. நைனாவும் பெரியப்பாவும் பேச ஆரம்பித்தார்கள். ஜெயித்தவர்களைத் திட்ட இரண்டு பேர் தேவைப்பட்டது. சுவர் அப்படியே இருந்தது, ஆனால் சுவருக்கு மேலாக வெற்றிலை கைமாறியது. தங்கள் கணக்கில் தப்பு இருந்ததாக இருவரும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. சர்க்கார் சட்டத்தில்தான் தப்பு.

அம்மா விளக்குக் கம்பத்தடியில் சாணி தெளிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை.

ஆனால் குழாய் வந்தது. வாத்தியார் எம்.எல்.ஏ. எழுதிப் போட்டு வாங்கினார் என்றார்கள். ஒருநாள் இரும்புக் குழாய்களை ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டிகள் வந்தன. ரோட்டோரமாகப் பள்ளம் தோண்டினார்கள். பள்ளம் எங்கள் தெருவை நோக்கி வந்தபோது பெரியம்மாவும் அம்மாவும் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். பள்ளம் தெருவுக்குள் திரும்பவில்லை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. லைனுக்கு இந்தப் பக்கம்தான். அன்றைக்கு வாத்தியார் நின்று ஓட்டுக் கேட்ட அதே இடம். அங்கே ஒரு சிமெண்டு மேடை கட்டி, பித்தளைக் குழாயை வைத்தார்கள். இரண்டு பக்கத்து ஜனங்களுக்கும் பொது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தெருவுக்குள் வைக்காதது பெரிய அவமானம் என்று பெரியப்பா சொன்னார். தெருவுக்குள் வாத்தியாரை ஒருநாளும் வரவிட்டதில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. பொதுக் குழாயில் நம் வீட்டுப் பெண்கள் குடம் வைக்கக்கூடாது என்று ஆண்கள் கூடி முடிவு செய்தார்கள். தராசு, குடை என்ற பேதமே இல்லாமல் எடுத்த முடிவு அது. நைனாவும் கையைத் தூக்கினார்.

அதனால் அம்மா புதுக் குழாயைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்கு நடந்தாள். வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் குழாய் இருந்தது. போகும்போது வெறுங்குடம், வரும்போது நிறைகுடம். திரும்பி வரும்போது சரியாக அந்தக் குழாய்க்கு எதிரே வந்து குடத்தை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றுவாள். எனக்குத் தெரிந்து அவள் வேறு இடத்தில் மாற்றியதில்லை. மேடையில் அந்தாண்டப் பெண்களின் மண் குடங்கள் வரிசையாக இருக்கும். அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார்கள். ஒருத்தி சிரித்தால்கூடத் தேவலை என்று இருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. அந்த வெயிலில் ஸ்டேஷனுக்குப் புதிதாக ஒரு மாஸ்டர் வந்தார். எஞ்சின் தண்ணீரில் ஊர்ப் பெண்கள் கை வைக்கக்கூடாது என்று சொல்லித் திருகு குழாயை அடைத்துவிட்டார். போர்ட்டருக்கு மனசு இருந்தும் பிரயோஜனம் இல்லை. இரண்டு நாள் எங்கள் தெருவில் உப்புக் கிணற்றுத் தண்ணீரில் சோறு வெந்தது. பெரியப்பாவுக்கு உப்புத் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது நாள் மதியம், செம்போடு கொல்லைக்குப் போய்வந்த களைப்பில், சுவருக்கு மேலாக நைனாவைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“இரும்புல வர்ற தண்ணிக்குத் தீட்டு ஏதுடா? இத்தினி நாளா ஸ்டேசன்ல குடிச்சது இன்னா?”

நைனா யோசித்துப் பார்த்து, வாஸ்தவம்தான் என்றார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அது சாஸ்திரமாகிவிட்டது. பெரியம்மா மட்டும் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே, “இத மொதல்லியே சொல்லியிருந்தா என் முட்டி மிஞ்சியிருக்கும்,” என்று யாருக்கும் கேட்காமல் சொன்னாள். அம்மாவுக்குக் கேட்டது. இருவரும் சிரித்தார்கள். அதிக நேரம் சிரிக்கத் தெம்பில்லை.

மறுநாள் காலையில் அம்மாவும் நானும்தான் முதலில் போனோம். பெரியம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டதால் வரவில்லை. மேடையில் ஏழெட்டுக் குடங்கள் வரிசையில் இருந்தன. குழாய்க்கு நேராக ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்ததும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. ஓட்டு வரிசையில் அம்மாவுக்கு இடம் விட்டவள். குழந்தைக்கு இப்போது மேலும் கீழும் பல் வந்திருந்தது. கையை நீட்டித் தண்ணீரைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. குடங்கள் கரகரவென்று நகர்ந்தன. அந்தப் பெண் பாதி நிறைந்த தன் குடத்தைக் குழாயடியிலிருந்து எடுத்துவிட்டு ஒதுங்கினாள்.

“நீங்க புடிங்கம்மா.”

குழாய் தானாகக் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. மணி அடித்துவிட்டால் வெளியே நிற்கவேண்டும். நான் செம்போடு ஓடி முன்னால் போனேன். அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், அவளுடைய குழந்தையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“இருக்கட்டும். கைக்கொழந்தய வச்சிக்கினு கீற. நீ புடி.”

அந்தப் பெண் அசையவில்லை. மற்றவர்களும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மா மேடையைச் சுற்றிக்கொண்டு போய், கடைசி மண் குடத்துக்குப் பின்னால் தன் பித்தளைக் குடத்தை வைத்தாள். வைத்துவிட்டு அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். சற்றுப் பொறுத்து அந்தப் பெண் தன் குடத்தை மறுபடி குழாயடியில் வைத்தாள்.

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர்களே முதலில் பிடிக்கச் சொன்னார்களே, ஏன் போகவில்லை என்று கேட்டேன். மணி அடித்துவிடும் என்று அழ ஆரம்பித்தேன்.

“நில்லு,” என்றாள். “வரிசையில வரும்.”

தூரத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது. அம்மா கையால் கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். எட்டு வயதில் எனக்கு அது ஒன்றுதான் கண்ணில் பட்டது. கால் வலியில் நாலு அடி எடுத்து வைக்க முடியாமல்தான் அம்மா முன்னால் போகவில்லை, பாவம், அவளுக்கு அவ்வளவு களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.